அறுபத்துநான்கு கட்டங்கள் - 14: மெரான் பாதையில் ஒரு வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் நாம் பான் நகரின் வாசலில் நின்றோம். மேற்கு ஜெர்மனியின் பழைய தலைநகர் அது. அங்குள்ள கலை, கண்காட்சிக் கூடத்தில் 2008 அக்டோபர் 14 அன்று உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், எதிரே ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக். பன்னிரண்டு ஆட்டங்கள், பரிசுத் தொகை 15 லட்சம் யூரோ.

2007-இல் மெக்சிகோ நகரில் எட்டுப் பேர் மோதிய போட்டியில் ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடம் பிடித்து ஆனந்த் சாம்பியன் ஆகியிருந்தார். ஆனாலும் சதுரங்க உலகில் ஒரு முணுமுணுப்பு ஓயவில்லை. பல பேர் ஆடும் போட்டியில் வெல்வது வேறு, ஒருவரை நேருக்கு நேர் உட்காரவைத்து வெல்வது வேறு என்றார்கள். பட்டத்தைத் தற்காலிகமாகத்தான் ஆனந்திடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்ற தொனியில் கிராம்னிக்கே பேசினார்.

அந்தப் பேச்சைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் ஆனந்த் தோற்றவர். 1998-இல் லோசானில் கார்போவிடமும் தோற்றவர். கிராம்னிக்கோ 2000-இல் லண்டனில் அதே காஸ்பரோவை, பதினைந்து ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் வீழ்த்தியவர்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பு பில்பாவோவில் ஆறு பேர் ஆடிய பந்தயத்தில் ஆனந்த் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடத்தில் முடித்திருந்தார். பானில் கிராம்னிக்கின் கைதான் ஓங்கும் என்று எழுதியவர்கள் இதையும் சேர்த்தே எழுதினார்கள்.

முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதும் டிரா. ஆனால் அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தவர்கள் கவனித்தார்கள். வாழ்நாள் முழுக்க ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியே ஆட்டத்தைத் தொடங்கிப் பழகிய ஆனந்த், அன்று ராணியின் முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளினார்.

அது எதற்கு? அதற்கான விடையில்தான் இந்த வாரக் கதையின் வேர் இருக்கிறது.

* * *

கிராம்னிக்கை வெல்வது ஏன் கடினம் என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்களைக் கேட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள். அவர் ஆட்டத்தைச் சூடாக விடமாட்டார். கறுப்பில் ஆடும்போது பெர்லின் தடுப்பு, பெட்ரோஃப் தடுப்பு என்று இரண்டு கோட்டைகள் வைத்திருந்தார். லண்டனில் காஸ்பரோவ் முட்டி மோதி ஓய்ந்தது அந்தப் பெர்லின் சுவரில்தான். வெள்ளையில் ஆடும்போது சின்னச் சின்ன அனுகூலத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அழுத்துவார். ராணிகள் வெட்டுப்பட்டுப் போன பலகையில் அவரைவிடத் தெளிவாகப் பார்ப்பவர் அன்று யாருமில்லை.

ஆனந்தின் பலம் வேறு. காய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எல்லாம் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டுக் கிடக்கும் நிலைகளில், சரியான நகர்த்தலை எதிராளியைவிட வேகமாகக் கண்டுவிடுவார். சிறுவயதில் சென்னை சோவியத் கலாசார மையத்தின் தால் சதுரங்கக் கழகத்தில் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்த கை அது.

ஆக, கேள்வி ஒன்றுதான். கிராம்னிக்கை அந்தக் கலவரத்துக்குள் எப்படி இழுப்பது?

ஆனந்தோடு அந்த ஆண்டு நான்கு பேர் வேலை செய்தார்கள். டென்மார்க்கின் பீட்டர் ஹைனே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானவ், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி, போலந்தின் ரடோஸ்லாவ் வொய்டாஷெக். ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் பாட் சோடன் என்ற சிற்றூரில் அவர்கள் கூடினார்கள். கணினிகள் இரவு பகலாக ஓடின. ஆனந்த் தம் பழைய ஓப்பனிங்குகளைக் கிட்டத்தட்ட மொத்தமாகவே ஒதுக்கிவைத்தார். 38 வயதில், உலகச் சாம்பியனாக இருக்கும்போது, கைக்குப் பழகிய ஆயுதங்களை இறக்கிவைத்துவிட்டுப் புதியதைத் தூக்குவது லேசான முடிவு அல்ல. அந்தப் போட்டியின் ஆகப் பெரிய துணிச்சல் பலகையில் நிகழ்வதற்கு மாதங்களுக்கு முன்பே, அந்த அறைகளில் நிகழ்ந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

வெள்ளையில் ராணிப் பக்கச் சிப்பாய். அது கிராம்னிக்கின் இரண்டு கோட்டைகளையும் சுற்றிப் போகும் வழி.

கறுப்பில்? அதற்கு அவர்கள் எண்பது ஆண்டுக்கு மேல் பழமையான ஒரு பாதையைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

* * *

1924. இத்தாலியின் வடக்கு விளிம்பில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மெரானோ என்ற ஊர். ஜெர்மன் பேசுவோருக்கு அது மெரான். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவிடம் இருந்து, போருக்குப் பின் இத்தாலியிடம் போன ஊர். அங்கே அந்த ஆண்டு ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது.

போலந்தைச் சேர்ந்த அகிபா ரூபின்ஸ்டீன் அதில் ஆடினார். 1912-இல் ஒரே ஆண்டில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம் பெற்றவர். உலகச் சாம்பியன் லாஸ்கருடன் அவர் மோத வேண்டிய நேரத்தில் போர் மூண்டது. அந்த மோதல் கடைசிவரை நடக்கவே இல்லை. பட்டம் பெறாமலே போன மாமேதைகளின் வரிசையில் அவருக்கு முன்னிடம்.

மெரானில் வியன்னாவின் எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்டுக்கு எதிராகக் கறுப்பில் ஆடினார் ரூபின்ஸ்டீன். மையத்தில் நின்ற தம் சிப்பாயால் வெள்ளையின் சி4 சிப்பாயை வெட்டினார். வெள்ளையின் பிஷப் திரும்ப வெட்டியது. உடனே பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அந்தப் பிஷப்பை விரட்டினார். பின்பு சி சிப்பாயையும் முன்னே தள்ளி, வெள்ளையின் மையத்தையே உலுக்கினார். கறுப்பில் ஆடுபவர் பொறுமையாகச் சமநிலை தேட வேண்டும் என்று நம்பிய காலத்தில், பத்தே நகர்த்தலுக்குள் ராணிப் பக்கம் முழுவதையும் திறந்துவிட்டு எதிர்த்தாக்குதலுக்குப் போன ஆட்டம் அது. ரூபின்ஸ்டீன் வென்றார். அந்த வரிசைக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது: மெரான் வேரியேஷன்.

வெள்ளைக்கும் விரைவிலேயே ஒரு பதில் கிடைத்தது. மாஸ்கோவின் புளூமன்ஃபெல்ட் கண்டெடுத்த பதில். கறுப்பு குதிரையின் மேல் சிப்பாயை ஏவிவிட்டு, அது ஓடுவதற்குள் தன் குதிரையால் பி5 சிப்பாயை வெட்டிவிடுவது. அதன் பின் பலகையில் ஒழுங்கு என்று எதுவும் மிஞ்சாது. கறுப்பு ராஜா கோட்டை கட்டிக்கொள்ள நேரமில்லாமல் நடுவிலேயே நிற்கும். அதற்குச் சன்மானமாக ஜி வரிசை திறந்துகிடக்கும். அதன் கோடியில் வெள்ளை ராஜா.

இந்த ஓப்பனிங்கைக் கிராம்னிக் நன்றாகவே அறிவார். வெள்ளையிலும் கறுப்பிலும் ஆடிப் பழகியவர். அதனால்தான் அவர் அதற்குள் வரத் தயங்கமாட்டார் என்று ஆனந்தின் குழு கணக்குப் போட்டது.

* * *

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. மூன்றாவது ஆட்டம். கிராம்னிக் வெள்ளை.

டி4, டி5. சி4, சி6. இதுவரை முதல் ஆட்டத்தின் வழிதான். அன்று நான்காவது நகர்த்தலிலேயே கிராம்னிக் சிப்பாய்களை வெட்டி மாற்றி, ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கியிருந்தார். இன்று வெட்டவில்லை. குதிரையை வெளியே எடுத்தார்.

ஐந்தாவது, ஆறாவது நகர்த்தல். ஆனந்த் சி4 சிப்பாயை வெட்டினார். பி5. பிஷப் பின்வாங்கியது. ஏ6. வெள்ளைச் சிப்பாய் இ4-க்கு வந்தது. சி5!

மெரான்.

கிராம்னிக் ஒதுங்கிப்போகவில்லை. பத்தாவது நகர்த்தலில் சிப்பாயைக் குதிரையின் மேல் ஏவினார். பதினொன்றில் தம் குதிரையால் பி5-ஐ வெட்டினார். புளூமன்ஃபெல்டின் பழைய வழி. பதினான்காவது நகர்த்தலில் ராணி இ2-க்கு வந்தபோது, பி5-இல் நின்ற கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்தன.

அந்தச் சிப்பாயைக் காக்க வேண்டும். எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பிஷப்பை ஏ6-இல் வைத்துக் காக்கலாம். ஒரு கட்டம் முன்னே தள்ளித் தப்பிக்க விடலாம்.

ஆனந்த் பிஷப்பை எடுத்தார். பி7-இல் வைத்தார்.

பி5 சிப்பாய்க்குப் போதிய காவல் இல்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்.

அந்த பி7 கட்டத்திலிருந்து பார்த்தால், வெள்ளை ராஜாவின் மூலைவரை ஒரே நேர்கோட்டில் நீளமான மூலைவிட்டம் ஓடுகிறது. ஜி வரிசை ஏற்கெனவே திறந்துகிடக்கிறது. ஒரு யானை ஜி8-க்கு வந்துவிட்டால் இரண்டு கோடுகளும் வெள்ளை ராஜாவின் வீட்டு வாசலில் சந்திக்கும். கறுப்பின் திட்டம் அவ்வளவுதான். ஒரு சிப்பாய் விலை. கிடைப்பது நேரமும் திறந்த வழிகளும்.

கிராம்னிக் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். எதிரே இருப்பவர் வீட்டிலேயே வாரக்கணக்கில் அலசி வைத்திருக்கும் நிலையைத் தான் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று ஓர் ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும் தருணம் இது. ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கடிகாரத்திலிருந்துதான் போகிறது.

பிஷப்பால் பி5-ஐ வெட்டினார்.

* * *

பிஷப் டி6. யானை ஜி8. வெள்ளை ஜி சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி அடைத்தது. யானை ஜி4-க்கு ஏறியது.

பதினெட்டாவது நகர்த்தலில் கிராம்னிக் பிஷப்பை எஃப்4-இல் வைத்துப் பண்டமாற்று கேட்டார். ஆனந்த் அதை வெட்டினார். கறுப்பு பிஷப்பைச் சிப்பாயால் திரும்ப வெட்ட முடியாது, ஜி3 சிப்பாய் விலகினால் ஜி4 யானையின் நேர்வழியில் வெள்ளை ராஜா சிக்கும். கிராம்னிக் வேறு வழி எடுத்தார். தம் குதிரையால் டி4-இல் இருந்த சிப்பாயை வெட்டினார்.

குதிரை விலகியதும் வெள்ளை ராணியின் பார்வை நேராக ஜி4 யானையின் மேல் விழுந்தது. யானை அந்த வரிசையை விட்டு விலகினால் எஃப்4-இல் கறுப்பு பிஷப்பும் சிப்பாயின் வாயில். ஒரே நேரத்தில் இரண்டு காய்களுக்கு ஆபத்து. நடுப்பலகையில் நிற்கிறது கறுப்பு ராஜா.

ஆனந்தின் பதில்: எச் சிப்பாய், இரண்டு கட்டம்.

எச்5. யானைக்குக் காவல். பிஷப் கிடக்கட்டும், யானை ஜி வரிசையில் நிற்கும்வரை சிப்பாயால் அதை வெட்ட முடியாது. ஓரத்தில் நின்ற, யாரும் கண்டுகொள்ளாத ஒரு சிப்பாயை வைத்து அத்தனை மிரட்டலுக்கும் பதில் சொன்ன இந்த நகர்த்தலை நான் பலமுறை பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் நிதானம்தான் வியக்கவைக்கிறது.

கிராம்னிக்கும் சளைக்கவில்லை. குதிரையை இ6-இல் பலி கொடுத்தார். அடுத்த நகர்த்தலில் யானையால் டி7 குதிரையை வெட்டி, கறுப்பு ராஜாவின் பக்கத்திலேயே நிறுத்தினார். ராஜா எஃப்8-க்கு நகர்ந்தது. ராணி டி3-க்கு வந்து எச்7-ஐக் குறிவைத்தது. அது வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனந்த் முன்னே போயிருந்த யானையைத் திரும்ப ஜி7-க்கு இழுத்தார். யானைகள் ஒரு ஜோடி வெட்டுப்பட்டன. கடைசியாக, இத்தனை நேரம் தொங்கிக்கொண்டிருந்த அந்த பிஷப்பைக் கிராம்னிக்கின் சிப்பாய் வெட்டியது.

புழுதி அடங்கியபோது கணக்கு இதுதான். இருவரிடமும் ராணி, யானை, பிஷப். வெள்ளைக்கு ஐந்து சிப்பாய், கறுப்புக்கு மூன்று. வெள்ளையின் ஏ, பி சிப்பாய்களை மறிக்க எதிரே யாருமில்லை.

காய்க் கணக்கில் ஆனந்த் பின்தங்கியிருந்தார். ஆனால் இந்த நிலையில் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெள்ளை ராஜாவைச் சுற்றி வேலி இல்லை. இருவர் கடிகாரங்களிலும் நேரம் கரைந்துகொண்டிருந்தது. நாற்பதாவது நகர்த்தல்வரை இருக்கிற நிமிடங்களில்தான் ஓட்டியாக வேண்டும்.

* * *

இங்கே ஆனந்தின் ராஜா ஒரு வேலை செய்தது.

ஜி7-இல் நின்றுகொண்டிருந்த அது, தன் யானைக்கு வழிவிட்டு எச்6-க்கு ஏறியது. ராணிகள் பலகையில் இருக்கும்போது ராஜாவை முன்னே நடத்துவது, பார்க்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் காரியம். ஆனந்த் அதைத் தயங்காமல் செய்தார். அடுத்து யானை ஜி8. வரிசை கறுப்பின் கைக்கு வந்தது.

கிராம்னிக் ஏ சிப்பாயை ஓடவிட்டார். ஏ4. தாக்குதல் ஒருபுறம், ஓட்டப் பந்தயம் மறுபுறம்.

பிஷப் ஜி2, செக். ராஜா விலகியது. பிஷப் எச்3, யானைக்குப் பாதை திறந்தது.

இருபத்தொன்பதாவது நகர்த்தல். கிராம்னிக் தம் மூலை யானையை ஏ3-க்குத் தூக்கினார். எச்3-இல் நின்ற பிஷப்பைப் பக்கவாட்டில் தாக்குவதுபோலவும் ஆயிற்று, ராஜாவின் உதவிக்கு வருவதுபோலவும் ஆயிற்று. பார்வைக்கு நல்ல நகர்த்தல். ஆனால் அவர் பிடி நழுவத் தொடங்கியது இங்கேதான்.

யானை ஜி1, செக். ராஜா டி2. ராணி டி4, செக். ராஜா சி2. பிஷப் ஜி4!

தாக்கப்பட்ட பிஷப் தப்பித்த கையோடு ராணியைத் தாக்கியது. கிராம்னிக் சிப்பாயால் மறித்தார். பிஷப் எஃப்5-க்குத் தாவி மறுபடி செக் சொன்னது.

ராஜா பி3-க்கு ஓடியிருக்க வேண்டும். நேர நெருக்கடியில் கிராம்னிக் பிஷப்பை டி3-இல் வைத்து மறித்தார்.

அந்த பிஷப்பை ஆனந்த் வெட்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவரும் கடிகாரத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையும் ஒரு கணம் தடுமாறியது. பிஷப்பைத் திரும்ப எச்3-க்கு இழுத்தார். நல்ல வேளையாக அதிலும் வெற்றிக்கு வழி இருந்தது. யானை ஜி2-இல் இறங்கி வெள்ளை ராணியைக் கட்டிப்போட்டது. ஒரு யானையைக் கொடுத்து அந்த ராணியை எடுத்தார் ஆனந்த்.

கிராம்னிக்கின் ஏ சிப்பாய் மட்டும் இதையெல்லாம் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏ5, ஏ6, ஏ7. இன்னும் ஒரே கட்டம். அடைந்தால் அது ராணி.

ஆனந்த் அதை அடைய விடவில்லை. செக்குக்கு மேல் செக். நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் பிஷப் பி1-இல் இறங்கி இன்னொரு செக். கிராம்னிக் கையை நீட்டினார்.

வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த ஓப்பனிங்கில், எவரும் எளிதில் வீழ்த்த முடியாத கிராம்னிக் தோற்றிருந்தார். ஆனந்த் 2, கிராம்னிக் 1.

* * *

பன்னிரண்டே ஆட்டம் உள்ள போட்டியில் ஒரு தோல்வி பெரிய சுமை. ஆனால் அன்றிரவு கிராம்னிக்கின் முகாமை வாட்டியது புள்ளிக் கணக்கு மட்டுமாக இருந்திருக்காது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் அவர்தான் வெள்ளை. மறுபடியும் அந்த மெரான் வரலாம்.

இப்படி ஒரு நிலையில் தோற்றவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்தப் பாதையையே விட்டு விலகி வேறு ஓப்பனிங்குக்குப் போய்விடுவது. அது பாதுகாப்பு, ஆனால் எதிராளியின் ஆராய்ச்சிக்குப் பயந்து ஒதுங்கியதாக ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகும். மற்றொன்று, ஓட்டையைக் கண்டுபிடித்து அதே இடத்துக்குத் திரும்பி வருவது. கிராம்னிக்கின் பக்கம் பீட்டர் லெகோ போன்ற பலமான மூளைகள் இருந்தன. ஒரு சிப்பாயைச் சும்மா கொடுக்கும் அந்த பி7 பிஷப்பில் ஏதாவது கோளாறு இருக்கத்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் நினைக்கும்.

சனிக்கிழமை நான்காவது ஆட்டம் டிரா. ஞாயிறு ஓய்வு நாள்.

அக்டோபர் 20, திங்கட்கிழமை. டி4, டி5. சி4, சி6. நகர்த்தல்கள் மளமளவென்று விழுந்தன. வெட்டு, பி5, ஏ6, சி5. இ5. குதிரை பி5-ஐ வெட்டியது. ராணி இ2. பிஷப் பி7. பிஷப்பால் பி5 வெட்டு.

பதினைந்தாவது நகர்த்தலில் இருவரும் வெள்ளிக்கிழமை நின்ற அதே நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். கிராம்னிக் விலகவில்லை. அவர் எதையோ கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை இதே இடத்தில் ஆனந்த் பிஷப்பை டி6-இல் வைத்திருந்தார். வென்றும் இருந்தார். இன்று அந்த பிஷப்பைத் தொடவில்லை. எச்8-இல் நின்ற யானையை எடுத்து ஜி8-இல் வைத்தார்.

மூன்று நாள் முன்பு வெற்றி தந்த நகர்த்தலை ஆனந்த் ஏன் கைவிட்டார்? கிராம்னிக் கையில் என்ன இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே ஊகித்துவிட்டாரா, அல்லது பாட் சோடனில் தயாரானதில் பாதியைத்தான் வெள்ளிக்கிழமை காட்டியிருந்தாரா?

(தொடரும்)